பின்பால் ஆட இரண்டு அசைவு போதும்: அடிபட்ட கைக்கு ஏற்ற கன்ட்ரோலர்

பிரஸ் மிஷினில் விரல் இழந்தவர்கள், தறியில் கை மாட்டியவர்கள், பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவர்கள், ஓவர்லாக் மிஷினில் வருடக்கணக்கில் உட்கார்ந்து கட்டைவிரல் அடியில் வலியோடு வருபவர்கள் என்று கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கை சிகிச்சைக்கு வருபவர்கள் ஏராளம். சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கும் நாட்களில் இவர்களுக்குக் கை சிகிச்சை தரும் நாங்கள் வீடியோ பின்பாலை, அதாவது சரிந்த மேசையில் உருளும் பந்தைக் கீழே இறங்கவிடாமல் தட்டிவிடும் ஆட்டத்தை, சிபாரிசு செய்கிறோம். மற்ற வீடியோ கேம்கள் பத்துப் பன்னிரண்டு பட்டனும் இரண்டு ஸ்டிக்கும் கேட்கும். பின்பாலுக்கு, பந்தைத் தட்டும் துடுப்புகளான இடது ஃபிளிப்பர், வலது ஃபிளிப்பர் இரண்டும் இருந்தால் ஆட்டம் நடக்கும். பந்தை ஏவும் பிளஞ்சரைப் பக்கத்தில் இருப்பவர் கூட இழுத்துவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பிரவுசிங் சென்டரில் ஸ்பேஸ் கேடட் பின்பால் ஆடியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

"ஏனுங்க, எந்த மாடல் வாங்கட்டுங்க?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. மாடலைக் கடைசியில் பார்க்கலாம். எந்த இரண்டு அசைவு நம்பகமாக வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அதைச் செய்யாமல் வாங்கிய விலையுயர்ந்த கன்ட்ரோலர்கள் பீரோ மேல் கிடப்பதை நிறையப் பார்க்கிறோம்.

அழுத்துவது, பிடிப்பது, விடுவது

ஃபிளிப்பரை அழுத்துவதோடு வேலை முடிவதில்லை. ஓடிவரும் பந்தை ஏந்தி நிறுத்த ஃபிளிப்பரைத் தூக்கியபடி வைத்திருக்க வேண்டும். பிறகு சட்டென்று விட்டு, பந்து நுனியை நோக்கி உருளும்போது மறுபடி அடிக்க வேண்டும். பக்கவாதக் கையில் சிக்கல் வருவது பெரும்பாலும் விடுவதில்தான். விரல்கள் மடங்க வரும், விரிய மறுக்கும். பட்டனை அமுக்கிய கை அங்கேயே ஒட்டிக்கொள்ளும், பந்து நடுவில் இறங்கிப் போய்விடும்.

வீட்டிலேயே இப்படிச் சோதியுங்கள். ஒருவர் சீரில்லாத இடைவெளியில் "அடி", "விடு" என்று சொல்ல வேண்டும். இருபது முறை அடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் மூன்று நொடி பிடிக்கவைத்து, விடச் சொல்லுங்கள். சொன்னவுடன் அடித்ததும் சொன்னவுடன் விட்டதும் பதினெட்டுக்குக் குறையாமல் இருந்தால் அந்த அசைவு ஆட்டத்துக்குத் தேறும். அடிப்பதில் இருபதும் விடுவதில் பத்தும் வந்தால் அந்த விரலை விட்டு மேலே போங்கள்: மணிக்கட்டு, முழங்கை, தோள். பக்கவாதத்துக்குப் பிறகு உடம்புக்கு அருகில் உள்ள மூட்டுகள் பெரும்பாலும் விரல்களுக்கு முன்பே திரும்புகின்றன. முன்கையை மேசைமேல் பக்கவாட்டில் நகர்த்தி ஒரு பெரிய பட்டனை இடிப்பது, விரலால் அழுத்துவதைவிடச் சுத்தமாக வரும்.

ஒரு கை முழுக்கவே வராதவர்களுக்கு முழங்கால் அருமையான இடம். பனியன் கம்பெனியில் தைத்தவர்களுக்கு இது பழகிய அசைவு. பவர் மிஷினில் பிரஷர் ஃபுட்டைத் தூக்க வலது முழங்காலால் ஒரு தகட்டைப் பக்கவாட்டில் தள்ளுவார்களே, அதே தள்ளல்தான். மேசைக் காலில் ஒரு பட்டனை முழங்கால் உயரத்தில் கட்டினால் ஒரு ஃபிளிப்பர் கிடைத்துவிடும். பாதத்தால் ஆடுவதானால் குதிகால் தரையில் ஊன்றியிருக்க, முன்பாதம் மட்டும் அழுத்தும்படி பெடலை வையுங்கள். முழுக் காலையும் தூக்கி அழுத்தினால் பத்து நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

வீட்டுத் தையல் மிஷின் மோட்டாரின் பெடலைப் பிரித்து இதற்கு யாரும் பயன்படுத்தக் கூடாது. அது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, 230 வோல்ட் ஓடுவது. கம்ப்யூட்டரில் கோக்கும் ஸ்விட்சில் வெளியிலிருந்து எந்த மின்சாரமும் வரக் கூடாது, இரண்டு கம்பிகள் தொட்டுப் பிரிவது மட்டுமே அதன் வேலை. ஒருமுறை மிதித்தால் ஆன், மறுமுறை மிதித்தால் ஆஃப் ஆகும் வகையும் உதவாது. காலை எடுத்தவுடன் தானே திரும்ப வேண்டும்.

எத்தனை கிராம்?

பட்டனை இறக்க எவ்வளவு கனம் வேண்டும் என்பது யாரும் கேட்காத கேள்வி, ஆனால் பாதித் தோல்வி அங்கேதான் பிறக்கிறது. அளக்க எளிய வழி உண்டு. பட்டனை நிமிர்த்தி வைத்து அதன்மேல் பத்து ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஒரு நாணயம் 7.71 கிராம். எத்தனையாவது நாணயத்தில் பட்டன் இறங்கி 'க்ளிக்' என்கிறதோ, அதுதான் அதன் கனம். பத்து நாணயம் என்றால் 77 கிராம். கனமான பெடலைச் சமையல் தராசின்மேல் வைத்து அழுத்திப் பார்க்கலாம், பெடலின் எடையைக் கழித்துவிட்டால் போதும்.

மெலிந்த கைக்கு மெல்லிய பட்டன் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். மனிதக் கை, மணிக்கட்டுக்குக் கீழே மட்டும், உடல் எடையில் ஏறத்தாழ 0.6 சதவீதம். அறுபது கிலோ ஆளின் கை சுமார் 360 கிராம். அந்தக் கை 80 கிராம் பட்டன்மேல் சும்மா கிடந்தாலே ஃபிளிப்பர் தூக்கியபடி நிற்கும். எனவே உள்ளங்கைக்கும் முன்கைக்கும் தனித் தாங்கல் கொடுங்கள். விரலோ கையின் ஓரமோ மட்டும் பட்டனைத் தொட வேண்டும். அப்படித் தாங்கல் கொடுத்த பிறகுதான் மெல்லிய பட்டனுக்குப் பொருள் உண்டு.

சிலருக்கு அழுத்த வராது, கையைத் தூக்க மட்டும் வரும். இவர்களுக்கு, பட்டனுக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்சான மைக்ரோஸ்விட்சின் மூன்றாவது முனை கைகொடுக்கும். ஆர்கேட் பட்டனின் (கேம் மிஷின்களில் வரும் பெரிய பட்டன்) அடியில் உள்ள மைக்ரோஸ்விட்சில் காம் (பொது), என்.ஓ. (அழுத்தினால் சேரும்), என்.சி. (அழுத்தினால் பிரியும்) என்று மூன்று முனைகள் இருக்கும். வழக்கமாகக் கம்பியை காமிலும் என்.ஓ.விலும் மாட்டுவோம். என்.சி.க்கு மாற்றினால் கை பட்டன்மேல் கிடக்கும்போது ஃபிளிப்பர் ஓய்வில் இருக்கும், கையைத் தூக்கினால் அடிக்கும். கையின் கனமே மீதி வேலையைச் செய்துவிடும்.

விரல் நுனி போனவர்களுக்கு வெட்டுப்பட்ட இடம் தொட்டாலே சுரீர் என்னும். பட்டன்மேல் நான்கைந்து மில்லிமீட்டர் மெத்தென்ற ஃபோம் ஒட்டுங்கள், அல்லது விரலின் பக்கவாட்டால் அழுத்தும்படி பட்டனைத் திருப்புங்கள். உணர்ச்சியில்லாத விரலாக இருந்தால் ஆட்டம் முடிந்ததும் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு இருபது நிமிடத்தில் மறையவில்லை என்றால் அந்தப் பட்டன் அந்த விரலுக்கு ஆகாது.

இணைப்புக் கருவி

இனி மாடல். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018இல் 99.99 டாலருக்கு வந்தது. மேலே இரண்டு பெரிய பட்டன்கள், பின்னால் ஹெட்ஃபோன் சொருகுவதுபோன்ற 3.5 மில்லிமீட்டர் துளைகள் 19. எந்த உதவி ஸ்விட்சையும் அதில் சொருகலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஓடும். சோனியின் ஆக்சஸ் கன்ட்ரோலர் 2023 டிசம்பரில் வந்தது, பிளேஸ்டேஷன் 5க்கானது, ஸ்விட்ச் சொருக நான்கு துளைகள் உண்டு. ஏற்கெனவே அந்த கன்சோல் வீட்டில் இருந்தால் இவற்றை வாங்கலாம். மற்ற கேம்களையும் ஆடும் இளவட்டங்களுக்கு அடாப்டிவ் கன்ட்ரோலர் உண்மையிலேயே நல்ல முதலீடு.

பின்பால் மட்டும்தான், கம்ப்யூட்டரில்தான் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம். புரோ மைக்ரோ என்ற சின்ன போர்டு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அதிலுள்ள ஏ.டி.மெகா 32யு4 சிப், யுஎஸ்பியில் சொருகினால் கீபோர்டாகவே நடிக்கும். எல்லோரும் அறிந்த ஆர்டுயினோ யூனோ (ஆர்3 வரையிலான பழைய போர்டு) அப்படி நேரடியாக நடிக்காது. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று கொடுத்தால் வாங்காதீர்கள். இரண்டு 3.5 மி.மீ. மோனோ சாக்கெட், இரண்டு ஆர்கேட் பட்டன், இரண்டு மீட்டர் இருகம்பி வயர், இவ்வளவே மீதிச் சாமான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளை ஒரு மாலையில் சால்டர் வைத்துவிடுவான்.

புரோகிராம் எழுதுபவருக்கு ஒரு குறிப்பு, குறிப்பாகக் கை நடுங்குபவர்களுக்காக. ஸ்விட்சின் உள்தகடு துள்ளுவதால் ஒரு அழுத்தம் இரண்டாகப் பதிவதைத் தடுக்க 5 மில்லிவிநாடி போதும். பார்க்கின்சன் நடுக்கம் நொடிக்கு நான்கு முதல் ஆறு தடவை, அதாவது 170 முதல் 250 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. இதைச் சமாளிக்க அழுத்தம் நிலைக்கிறதா என்று காத்திருந்து அனுப்பினால் ஆட்டம் செத்துவிடும். முதல் தொடுகையை உடனே அனுப்புங்கள், அதன்பின் 150 மில்லிவிநாடிக்கு அந்தப் பட்டனில் நடப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். விடுவது சற்றுத் தாமதமாகும். அடிப்பது தாமதமாகாது, பின்பாலுக்கு அதுதான் முக்கியம்.

ஷிஃப்ட் சாவியின் தொல்லை

கம்ப்யூட்டரில் பின்பால் ஆடும் மென்பொருளான விஷுவல் பின்பாலில் இடது ஷிஃப்டும் வலது ஷிஃப்டும்தான் ஃபிளிப்பர்கள், என்டர் பிளஞ்சர். விண்டோஸில் ஷிஃப்டை அடுத்தடுத்து ஐந்துமுறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் (சேர்த்து அழுத்த வேண்டிய சாவிகளை ஒவ்வொன்றாக அழுத்த உதவும் வசதி) கேள்விப் பெட்டி திரையில் குதிக்கும், பந்து போய்விடும். வலது ஷிஃப்டை எட்டு நொடி பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ் எழும்பும். பந்தை ஏந்தி யோசிக்கும்போது எட்டு நொடி சாதாரணம். பெட்டியில் 'யெஸ்' விழுந்துவிட்டால் அதன்பின் சின்னத் தட்டல்களை விண்டோஸ் புறக்கணிக்கும், ஃபிளிப்பர் செத்ததுபோல் இருக்கும். பட்டன் கெட்டுவிட்டது என்று எங்களிடம் தூக்கிவரப்படும் கன்ட்ரோலர்களில் பல இப்படிப்பட்டவை. செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் இந்த இரண்டின் ஷார்ட்கட்டை மட்டும் அணையுங்கள். அன்றாட வேலைக்கு ஸ்டிக்கி கீஸ் தேவைப்படுபவர்கள் அந்த வசதியை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஃபிளிப்பரை வேறு எழுத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தாமதம்

ஆள் மெதுவாக அடிக்கிறார் என்று முடிவுகட்டும் முன் டிவியைச் சந்தேகப்படுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிவிநாடி. கேம் மோடு (படத்தைத் தாமதம் குறைத்துக் காட்டும் டிவி செட்டிங்) போடாத சில டிவிகள் அதன்மேல் 100 மில்லிவிநாடி வரை சேர்த்துவிடும். புளூடூத் தன் பங்குக்குக் கூட்டும். யுஎஸ்பி வயரும் கம்ப்யூட்டர் மானிட்டரும்தான் பின்பாலுக்குச் சரி. சந்தேகம் இருந்தால் போனின் ஸ்லோமோஷனில், நொடிக்கு 240 படத்தில், விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி எடுங்கள். பட்டன் இறங்கிய படத்திலிருந்து ஃபிளிப்பர் அசைந்த படம் வரை எண்ணி 4.2ஆல் பெருக்கினால் தாமதம் மில்லிவிநாடியில் கிடைத்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பந்து முந்தினால் மேசையை மாற்றுங்கள். நிஜ பின்பால் மேசை ஏறத்தாழ 6.5 டிகிரி சரிவு. விஷுவல் பின்பாலில் அந்த எண்ணைக் குறைத்தால் பந்து மெதுவாக உருளும். கை தேறத் தேறப் பழைய சரிவுக்கு ஏற்றலாம்.

பெட்டியும் உட்காரும் விதமும்

நிஜ மேசை 56 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம். தோள் இறுகியவருக்கு அது அதிகம். 35 முதல் 40 சென்டிமீட்டர் அகலத்தில் பிளைவுட் பெட்டி செய்து, பட்டன்களைப் பக்கவாட்டில் பொருத்துங்கள். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கும், நடுவிரலால் அழுத்தலாம். கட்டைவிரல் வலி உள்ளவர்களுக்கு கேம்பேடைவிட இது பல மடங்கு நல்லது. துளை போடும் முன் பட்டனின் உடலை அளந்துகொள்ளுங்கள், 28க்கும் 30க்கும் இடையில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பெட்டியைப் பாழாக்கும். அடியில் ரப்பர் விரிப்பு போடாவிட்டால் அடிக்கும் வேகத்தில் பெட்டி நகர்ந்துகொண்டே போகும்.

முதல் வாரம் பத்து நிமிடம் ஆட்டம், பத்து நிமிடம் ஓய்வு. ஆடி முடித்து இரண்டு மணி நேரம் கழிந்தும் வலி தங்கினால், அல்லது இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போனால் நிறுத்திவிட்டு எங்களைப் போன்றவர்களிடம் காட்டுங்கள். தலைக்காயம் பட்டவர்களுக்கும் வலிப்பு வந்தவர்களுக்கும் பின்பாலின் மின்னும் விளக்குகள் ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறியோடு ஒட்டிய வீடுகளில் பஞ்சுத் தூசி ஸ்விட்சுக்குள் புகுந்துவிடும். மூடிய மைக்ரோஸ்விட்ச் இதைத் தாங்கும். சத்தமில்லாமல் இருக்கிறதே என்று பின்பால் பிரியர்கள் விரும்பும் லீஃப் ஸ்விட்ச் திறந்த தகடு, தாங்காது. அடித்தும் ஃபிளிப்பர் எழவில்லை என்றால் யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு, ஒரு விசிட்டிங் கார்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, தகடுகளுக்கு இடையில் வைத்து மெதுவாக அழுத்தி இழுங்கள். உப்புத்தாளோ அரமோ போட்டுத் தேய்த்தால் முனையின் மேல்பூச்சு போய்விடும், அதன்பின் ஸ்விட்சையே மாற்ற வேண்டிவரும்.