‘ஆபட்’ என்பவர் யார்? மடாதிபதியா, மடத்தந்தையா?

ஐரோப்பிய இடைக்கால வரலாற்றைத் தமிழில் எழுதும்போது திரும்பத் திரும்பத் தடுக்கும் சொல், கிறிஸ்தவத் துறவுமடத்தின் தலைவரைக் குறிக்கும் ‘ஆபட்’. சிலர் பாதிரியார் என்கிறார்கள், சிலர் ஆயர் என்கிறார்கள், சிலர் மடாதிபதி என்கிறார்கள். முதல் இரண்டும் பிழை. மூன்றாவது பாதி சரி. மீதிப் பாதி எங்கே பிசகுகிறது என்பதைச் சொல்லின் பிறப்பிலிருந்தே பார்க்க வேண்டும்.

அரமேய மொழியில் ‘அப்’ என்றால் தந்தை, ‘அப்பா’ என்றால் அந்தத் தந்தை, எம் தந்தை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு வேண்டும்போது மாற்கு நற்செய்தி இந்தச் சொல்லை அப்படியே வைத்திருக்கிறது. “அப்பா பிதாவே” என்று பழைய தமிழ் விவிலியத்திலும் “அப்பா, தந்தையே” என்று புதிய மொழிபெயர்ப்பிலும் படிக்கிறோம். அங்கே வரும் ‘அப்பா’ தமிழ்ச் சொல் அன்று, அரமேயச் சொல்லின் எழுத்துப்பெயர்ப்பு. நம் ‘அப்பா’வோடு ஒலி ஒத்துப்போவதை வைத்து இரண்டும் ஒரே வேர் என்று முடிவுகட்டக் கூடாது. குழந்தையின் உதடு முதலில் எழுப்பும் ஒலிகளிலிருந்து பல மொழிகள் தனித்தனியே பெற்றோர் பெயர்களை அமைத்துக்கொண்டுள்ளன.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத் துறவிகளிடையே இது மரியாதைப் பெயரானது. இளந்துறவி முதியவரிடம் வந்து, “அப்பா, எனக்கு ஒரு சொல் கூறும்” என்று கேட்பார். முதியவருக்குப் பதவியோ சொத்தோ கிடையாது, அவர் குருப்பட்டம் பெற்ற பாதிரியாராகக்கூட இருக்க வேண்டியதில்லை. கிரேக்கத்தில் ‘அப்பாஸ்’ ஆகி, இலத்தீனுக்கும் ‘அப்பாஸ்’ என்றே சென்றது. இலத்தீன் வேற்றுமையில் அது ‘அப்பாதிஸ்’ ஆகும். ஆங்கில ‘ஆபட்’, ஜெர்மன் ‘அப்ட்’ ஆகியவற்றின் கடைசி ஒலி அங்கிருந்து வந்தது. பிரெஞ்சில் ‘அபே’, இத்தாலியத்தில் ‘அபாத்தே’.

தமிழில் ஏற்கெனவே வழங்கும் இரண்டு சொற்களும் இதே பொருளுடையவை. ‘பாதிரி’ போர்த்துக்கேயப் ‘பாத்ரே’யிலிருந்து வந்தது, அதற்கும் தந்தை என்றே பொருள். ‘பாப்பரசர்’ என்பதில் உள்ள ‘பாப்பா’வும் தந்தைதான். மூவரும் தந்தையர், ஆனால் மூன்று வேறு பொறுப்புகள். பாதிரி திருப்பலி நிறைவேற்றும் குரு, பாப்பரசர் உரோமை ஆயர், ஆபட் ஒரு துறவுமடத்தின் தலைவர். இதனால்தான் வெறும் ‘அருட்தந்தை’ போதாது. அது எல்லாக் குருக்களுக்கும் பொது. ஆபட்டோ தொடக்கத்தில் பெரும்பாலும் குருப்பட்டம் பெறாதவர். ஆபட்டுகள் குருப்பட்டம் பெற வேண்டும் என்று உரோமையில் கூடிய திருச்சபைச் சங்கம் விதித்தது 826இல்தான்.

பதவிக்கு உருவம் தந்தது ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் துறவிகளுக்காக எழுதிய 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்குநூல். ‘பெனெதிக்துஸ்’ என்றால் ஆசி பெற்றவர். அதைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் ஆக்கியது அழகான ஆக்கம். ஒழுங்குநூலின் 2ஆம் அதிகாரம் ஆபட்டின் இயல்பைப் பேசுகிறது: மடத்தில் அவர் கிறிஸ்துவின் இடத்தில் நிற்பவர், ஒவ்வோர் ஆன்மாவுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியவர். 3ஆம் அதிகாரம், முக்கியமான காரியம் வந்தால் எல்லாரையும் கூட்டி, கடைசியாகச் சேர்ந்த இளையவர் சொல்லையும் கேட்கச் சொல்கிறது. ஆனால் முடிவு அவருடையது. தேர்தல் பற்றியது 64ஆம் அதிகாரம். ஆள்வதைவிடப் பயன்படுவதே அவர் வேலை, துருவைச் சுரண்டுகிறேன் என்று பாத்திரத்தை உடைத்துவிடக் கூடாது என்கிறது அது. கண்டிக்கவும் வேண்டும், முறித்துவிடவும் கூடாது. ‘தந்தை’ என்ற சொல்லின் முழு எடையும் அந்த உவமையில் இருக்கிறது.

அந்த அதிகாரத்திலேயே பிற்காலச் சண்டைகளுக்கு வித்தும் இருந்தது. எல்லாரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது எண்ணிக்கையில் சிறிதானாலும் நல்லறிவுள்ள பகுதியினர் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது நூல். எந்தப் பகுதி நல்லறிவுள்ளது என்று யார் சொல்வது? தோற்றவர் தம்மையே நல்லறிவாளர் என்று சொல்லி மேல்முறையீட்டுக்குப் போவார். 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் மூன்று வழிகளை மட்டும் ஏற்றது. நம்பிக்கைக்குரிய மூவர் ஒவ்வொருவர் வாக்கையும் இரகசியமாகக் கேட்டு எழுதி அறிவிப்பது ஒன்று. தகுதியான சிலரிடம் தேர்வை ஒப்படைத்துவிடுவது இன்னொன்று. கலந்து பேசாமலே எல்லாரும் ஒரே பெயரைச் சொல்லிவிடுவது மூன்றாவது. இருக்கை 3 மாதத்துக்கு மேல் காலியாக இருந்தால் தேர்வு உரிமை மேலிடத்துக்குப் போய்விடும்.

தேர்வானவருக்கு ஆயர் தருவது ஆசி. ஒழுங்குநூலையும் கோலையும் கையில் கொடுப்பார். இதை ‘ஆயராக அருட்பொழிவு’ என்று மொழிபெயர்ப்பது தவறு. பல ஆபட்டுகள் ஆயருக்குரிய தலையணியையும் மோதிரத்தையும் பாப்பரசரிடம் சலுகையாகப் பெற்றார்கள். அதனால் படங்களைப் பார்த்துக் குழம்புவது எளிது.

சொல் காலத்தோடு எப்படி நிறம் மாறியது என்பதற்குப் பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள குளூனியைவிடத் தெளிவான இடம் இல்லை. (புதுச்சேரியிலும் தமிழகத்திலும் பள்ளிப் பெயராக நாம் கேட்கும் ‘குளூனி’ அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய 19ஆம் நூற்றாண்டுச் சகோதரிகள் சபை. இடைக்கால மடத்தின் கிளை அன்று.) 910இல் அக்குவித்தேன் கோமகன் வில்லியம் நிலம் கொடுத்தபோது, தாமோ தம் வாரிசுகளோ மடத்தில் கைவைக்கக் கூடாது என்றும், முதல் ஆபட் பெர்னோவின் மறைவுக்குப் பிறகு துறவிகளே தலைவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்றும் சாசனத்தில் எழுதினார். உரோமைக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 10 சொலிதுஸ் (அக்காலப் பண அளவு) விளக்குச் செலவுக்குக் கொடுத்தால் போதும்.

ஆனால் சாசனம் தேர்தல் என்று சொன்னாலும் நடந்தது நியமனம்தான். பெர்னோ ஓதோவைக் காட்டிவிட்டுப் போனார். ஓதோவுக்கு அடுத்து வந்து பார்வை இழந்த அய்மார், தாம் வாழும்போதே மயோலுக்கு இடம் விட்டார். மயோல் ஒதிலோவைத் தெரிந்துகொண்டார். சைவ ஆதீனங்களில் தலைவர் வாழும்போதே வாரிசுக்குச் சின்னப்பட்டம் கட்டும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பலன் என்னவென்றால், 910 முதல் 1109 வரை 199 ஆண்டுகளில் ஆறே ஆபட்டுகள். ஒதிலோ 55 ஆண்டும் அவருக்கு அடுத்த ஹியூ 60 ஆண்டும் இருந்தார்கள். நவம்பர் 2ஆம் நாள் தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைகளை அலங்கரித்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்களே, இறந்தோர் அனைவருக்குமான அந்த நாளைக் குளூனி மடங்களில் நிலைநிறுத்தியவர் ஒதிலோதான்.

இங்கே இன்னொரு சொல் வந்து சேர்கிறது: ‘பிரயர்’. ஆபட்டுக்கு அடுத்த நிலையில் மடத்தை நடத்துபவர் அவர். சிறிய மடங்களில் அவரே தலைவர். குளூனியின் கிளைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி ஆபட் கிடையாது, பிரயர்தான். எல்லாருக்கும் ஒரே தந்தை குளூனி ஆபட். 1132இல் அப்போதைய குளூனி ஆபட் பீட்டர் வெனரபிள் கூட்டிய பேரவைக்கு 200 பிரயர்களும் 1212 துறவிகளும் வந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அவ்வளவு பேரை ஒருவர் தந்தையாக அறிய முடியுமா? ஒவ்வோர் ஆன்மாவுக்கும் கணக்கு என்ற ஒழுங்குநூலின் சொல் இங்கேதான் தளர்கிறது. பிரயருக்குத் தமிழ் ‘மடமுதல்வர்’. ‘முதல்வர்’ என்று மட்டும் எழுதினால் அரசியல் வந்து நிற்கும். குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியிலுள்ள சாந்திவனம் சேர்ந்திருக்கும் கமல்தோலி ஆசீர்வாதப்பர் சபையில், உலகளாவிய தலைவரும் ஆபட் அல்லர், பொது மடமுதல்வரே.

ஹியூ தொடங்கிய மார்சின்யி பெண்கள் மடத்தில் கன்னி மரியாவே ஆபஸ், அதாவது மடத்தாய். மடத்தை உண்மையில் நடத்தியவர் பெண் மடமுதல்வர்.

1109இல் ஹியூ மறைந்த பிறகு குளூனியில் விரிசல் வெளிப்பட்டது. ஆபட் போன்ஸ் 1122இல் பதவி விலகினார். பிறகு ஆயுதம் தாங்கியவர்களோடு திரும்பி வந்து மடத்தைப் பிடித்தார். 1126இல் உரோமையில் சிறையில் இறந்தார். இதைவிட ஆழமான மாற்றம் 1516இல் நேர்ந்தது. பாப்பரசரோடு செய்துகொண்ட பொலோஞா உடன்படிக்கையால் பிரெஞ்சு அரசர் மடத்தலைவர்களை முன்மொழியும் உரிமை பெற்றார். மடத்தைத் துறவியல்லாத ஒருவரிடம் ‘ஒப்படைக்கும்’ முறை பரவியது. வருமானத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கு அவருக்கு, ஒரு பங்கு துறவிகளுக்கு, ஒரு பங்கு பழுதுபார்ப்பு முதலிய பொதுச் செலவுக்கு என்பது வழக்கம். செலவுப் பங்கில் கைவைத்தால் கூரை ஒழுகும். உள்ளே ஒழுக்கத்தைக் கவனிப்பது மடமுதல்வர் தலையில். குளூனியின் ஆபட் பட்டியலில் ரிஷ்லியூவும் மசாரினும் இருக்கிறார்கள். இருவரும் அரசை நடத்திய கர்தினால்கள். இருவருக்கும் நடுவே 1642இல் பட்டம் பெற்ற கோந்தி இளவரசருக்கு வயது 13. அப்பா என்ற சொல் ஒரு சிறுவனின் வருமான உரிமையாகிவிட்டது. பிரான்சில் பிற்பாடு ‘அபே’ என்பது மடமே இல்லாத எந்தக் குருவையும் குறிக்கும் பொது விளிப்பெயராயிற்று. 1790இல் மடம் கலைக்கப்பட்டது. 187 மீட்டர் நீளமிருந்த கோயிலைக் கல்லுக்காக இடித்தார்கள், தென்பக்கச் சிறகும் கோபுரமும் எஞ்சின.

‘மடாதிபதி’யில் அதிபதி முன்னால் நிற்கிறார், அப்பா மறைகிறார். நிலமும் நீதிமன்றமும் வைத்திருந்த 12ஆம் நூற்றாண்டு ஆபட்டுக்கு அது பொருந்தும், ஒழுங்குநூலின் ஆபட்டுக்குப் பொருந்தாது. ஆசீர்வாதப்பரின் கருத்தில் எழுதும்போது ‘மடத்தந்தை’ என்பதே நேர்ச்சொல். சம்பந்தர் நாவுக்கரசரை ‘அப்பரே’ என்று அழைத்த மொழி இது, நமக்கு அந்நியமாக இராது. நிர்வாகம், வழக்கு, கணக்கு பேசும்போது ‘மடத்தலைவர்’ போதும். ரிஷ்லியூ போன்றவர்களை ‘ஒப்படைப்பு மடத்தலைவர்’ என்க, தந்தை என்க வேண்டா. ஆங்கில ‘அபே’ ஆளை அன்று, மடத்தைக் குறிக்கும் சொல், அதற்குத் ‘துறவுமடம்’. ஆனால் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் துறவிகள் இல்லாமற்போய் நான்கு நூற்றாண்டுக்கு மேலாகிறது. அங்கே தலைவராக இருப்பவர் ‘டீன்’ என்ற ஆலயப் பொறுப்பாளர், ஆபட் அல்லர். அதைத் துறவுமடம் என்று பெயர்க்காமல் பெயராகவே விட்டுவிடுவது சரி.