ரீஜெனரேட்டிவ் வேளாண்மை: தமிழில் என்ன சொல்வது?

உறைநிலை வறுவல் தயாரிக்கும் மெக்கெயின் நிறுவனம், தனக்கு உருளைக்கிழங்கு விளைகிற நிலம் முழுவதிலும் 2030-க்குள் ‘ரீஜெனரேட்டிவ்’ முறைகளைக் கொண்டுவருவதாக அறிவித்திருக்கிறது. சரி, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ரீ’ என்றால் மறுபடி, ‘கெனராரே’ என்றால் பிறப்பித்தல். பல்லிக்கு அறுந்த வால் திரும்ப வளர்வதையும் உயிரியலில் இந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். நம் பாடநூல்களில் அது ‘இழப்பு மீட்டல்’. வேளாண்மையில் இதைப் பரப்பியவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ராபர்ட் ரோடேல், 1980-களில். மண் கெடாமல் பார்த்துக்கொண்டால் மட்டும் போதாது, கெட்ட மண் தேற வேண்டும் என்பது அவர் கருத்து. இதை இயற்கை வேளாண்மையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே கேள்வி என்ன இடுபொருள் போட்டோம் என்பது. இங்கே கேள்வி மண் என்ன ஆனது என்பது.

இந்தச் சொல்லுக்கு உருளைக்கிழங்கு கடினமான சோதனை. கிழங்கு வேர் அல்ல, மண்ணுக்குள் பருக்கும் தண்டு. வெயில் பட்டால் பச்சையாகி, சோலனின் என்ற நச்சு கூடிவிடும். அதனால் செடியின் அடியில் மண் அணைத்தே ஆக வேண்டும். நடுவதற்கு முன் ஆழ உழவு, அப்புறம் வரிசையாக மண்ணை மேடாக்கிப் பார் பிடித்தல், அறுவடையில் பாரையே தோண்டிச் சலித்தல் என்று ஒரே பருவத்தில் மண் பலமுறை புரட்டப்படுகிறது. மண் துகள்களைப் பிணைத்து வைத்திருக்கும் பூஞ்சை இழைகள் ஒவ்வொரு முறையும் அறுகின்றன. காய்ந்த மண்கட்டி ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உயிருள்ள மண் உருக்குலையாமல் நிற்கும். அலுத்த மண் கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும்.

எனவே கிழங்கு வயலில் மீட்சியை ஒரு பருவத்தில் தேடுவது வீண். முழுப் பயிர்ச் சுழற்சியையும் பார்க்க வேண்டும். அதே வயலில் மறுபடி கிழங்கு போடச் சில ஆண்டு இடைவெளி விடுவார்கள். கிழங்கைத் தாக்கும் நூற்புழுவும் அதில் குறையும். அறுவடை முடிந்ததும் வெறும் மண்ணாக விடாமல் ஓட்ஸ், கம்புப்புல், பயறு வகை என மூடுபயிர் விதைப்பார்கள். கடுகு இனத்தைப் பூக்கும் பருவத்தில் நறுக்கி உடனே மண்ணில் கலப்பதும் உண்டு. நசுங்கிய இலையிலிருந்து வரும் காரமான ஆவி மண்ணிலுள்ள சில நோய்க்கிருமிகளை அடக்கும். இதற்கும் கொஞ்சம் உழத்தான் வேண்டும். உழவே கூடாது என்று இந்தப் பயிரில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இனி தமிழ்ச்சொல். ‘மறுஉற்பத்தி வேளாண்மை’ தவறு; விளைச்சலை மறுபடி எடுப்பது போலத் தொனிக்கிறது. ‘மீளுருவாக்க வேளாண்மை’ பரவலாகிவிட்டது, பிழையும் இல்லை. ஆனால் எது மீள்கிறது என்று அது சொல்வதில்லை. என் தேர்வு ‘மண்வள மீட்பு வேளாண்மை’. ‘மண்மீட்பு’ என்று சுருக்கினால் ஆக்கிரமிப்பு நிலத்தை மீட்பதாகிவிடும். ‘வேளாண்மை’ இருக்கும் இடத்தில் ‘உழவு’ என்றும் போட வேண்டாம், குறைக்கச் சொல்வதே உழவைத்தான். துணைச்சொற்களுக்குப் புதிதாக எதுவும் ஆக்க வேண்டியதில்லை. மூடுபயிர், மூடாக்கு, பசுந்தாள் உரம் எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன.