ரைஃபிள்: புரியும் தாழும்

துப்பாக்கி என்று நாம் சொல்லும்போது எல்லாமே அதில் அடங்கிவிடும். மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி, இரட்டைக்குழல், போலீஸ்காரர் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீ, தீபாவளிப் பொட்டுத் துப்பாக்கி, எல்லாம்தான். ரைஃபிள் அதில் ஒரு வகைக்கு மட்டுமே பெயர். நீளமாக, தோளில் முட்டுக்கொடுத்துச் சுடுவதெல்லாம் ரைஃபிள் என்று நினைப்பவர்கள் அதிகம். பெயருக்கும் நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை. குழலின் உட்சுவரில் திருகிச் செல்லும் வரிகள் வெட்டியிருந்தால் ரைஃபிள், வழுவழுவென்று இருந்தால் இல்லை.

சொல்லின் வேரும் அந்த வரியில்தான் இருக்கிறது. பழைய பிரெஞ்சில் 'ரிஃப்ளே' என்றால் கீறுவது, சுரண்டுவது. ஆங்கிலத்தில் அது குழலுக்குள் பள்ளம் வெட்டும் வினைச்சொல்லாக வந்து சேர்ந்தது. 'வரி வெட்டிய துப்பாக்கி' என்று நீட்டிச் சொல்லிவந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் துப்பாக்கி உதிர்ந்து வரி மட்டும் பெயராக நின்றது, செல்போன் நம் வாயில் 'செல்' ஆனதைப் போல.

துப்பாக்கியும் வந்த சொல்தான். துருக்கியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங், தெலுங்கில் துபாகி. "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்ற குறளைக் காட்டி, வள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அங்கே அது துப்பு ஆக்கி, அதாவது உணவை ஆக்கி. மழையைப் பற்றிய குறள் அது. தனித்தமிழ் எழுதுவோர் சிலர் துமுக்கி என்பார்கள். ஆனால் துப்பாக்கி நம் நாக்கில் ஊறிப்போன சொல், அதை மாற்றத் தேவையில்லை. தேவைப்படுவது அதற்கு முன்னால் வைக்க ஓர் அடைசொல்.

சுழல் துப்பாக்கி என்பது ரிவால்வருக்குப் போய்விட்டது. சுரிகுழல் பொருத்தமாகத் தெரிந்தாலும், பழம்பாடல்களில் அது பெண்ணின் சுருள்கூந்தல். மரை என்பது திருகாணியை நினைவூட்டும். மிஞ்சுவது புரி. கயிற்றின் முறுக்குக்கும் சங்கின் சுழிக்கும் நாம் சொல்வது அதைத்தானே? ஆகவே ரைஃபிள், புரித்துப்பாக்கி. குழலுக்குள் உள்ள வரிகள், புரி.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி, திசையையும் அதிலேயே சொல்லிவிடலாம். ஜெர்மனியின் மவுசர் 98 ரைஃபிளின் குழலில் நான்கு பள்ளம், வலம்புரி. நம் த்ரீ நாட் த்ரீயான லீ–என்ஃபீல்டில் வழக்கமாக ஐந்து பள்ளம், இடம்புரி. எந்தச் சங்கு வலம்புரி என்பதில் விலங்கியலாரும் நம்மவரும் நேரெதிர். அந்தச் சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம். குழலின் பின்பக்கத்திலிருந்து பார்க்கையில் வரி முன்னே போகப்போகக் கடிகார முள்ளைப் போலச் சுழன்றால் வலம்புரி, எதிராகச் சுழன்றால் இடம்புரி.

லீ–என்ஃபீல்டின் புரி 10 அங்குலத்துக்கு ஒரு முழுச்சுற்று. அதன் ஏழாம் மார்க் தோட்டாவின் குண்டு 174 கிரெயின் எடை, குழல்வாயை விட்டு நொடிக்கு சுமார் 2,440 அடி வேகத்தில் கிளம்பும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 2,900 சுற்றுக்கு மேல். பம்பரம் சாயாமல் நிற்பதும் குண்டு தலைகுப்புறக் கவிழாமல் போவதும் ஒரே காரணத்தால்தான்.

வேட்டைக்கு ரைஃபிள் தேர்வு செய்பவர் முதலில் கேட்க வேண்டியதும் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதைத்தான். பலர் விளம்பரத்தில் உள்ள வேகத்தையும் மரக்கட்டையின் அழகையும் பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு விழிக்கிறார்கள். நீளமான, கனமான குண்டுக்கு இறுக்கமான புரி வேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுள்ள .223 ரைஃபிளில் 55 கிரெயின் குண்டு ஒழுங்காகப் போகும். அதே குழலில் 77 கிரெயின் போட்டால் குண்டு தள்ளாடும், இலக்கு அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் பக்கவாட்டில் விழுந்த நீள்துளை தெரியும். சுவீடனின் பழைய 6.5×55 மவுசர்களில் 20 சென்டிமீட்டருக்கே ஒரு சுற்று வைத்தது, 156 கிரெயின் நீளக் குண்டுக்காக. பிறகுதான் சட்டம். உதாரணமாக, இங்கிலாந்தில் மிகச் சிறிய மான் வகைகள் நீங்கலாக, மான் வேட்டை ரைஃபிளுக்குக் குழல் அளவு குறைந்தது .240 அங்குலமும், வாயருகே ஆற்றல் 1,700 அடி-பவுண்டும் இருக்க வேண்டும்.

.303 என்ற எண்ணிலும் ஒரு சூட்சுமம். பள்ளங்களுக்கு இடையே நிற்கும் மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு உள்ள அளவு அது. குண்டு பள்ளம்வரை நிறைய வேண்டுமே, அதனால் குண்டின் விட்டம் 0.311, 0.312 அங்குலம். .308 வின்செஸ்டரில் பெயரும் குண்டின் அளவும் ஒன்று. பெயரை நம்பித் தோட்டா நிரப்புபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பழைய குழலின் உண்மையான அளவு தெரிய, மென்மையான ஈயக் குண்டை உள்ளே தட்டி நுழைத்து வெளியே தள்ளி அளப்பார்கள். ஐந்து பள்ளம் என்பதால் லீ–என்ஃபீல்டில் ஒரு பள்ளத்துக்கு எதிரே மேடு வரும். சாதாரண மைக்ரோமீட்டர் பொய் அளவு காட்டும், மூன்று முனையில் தொடும் வகை வேண்டும்.

இனி போல்ட். நம் பட்டறைத் தமிழில் போல்ட் என்றால் நட்டு போட்டு முறுக்குவது. அதை நினைத்துக்கொண்டு 'திருகாணி இயக்கம்' என்று மொழிபெயர்த்தால் தப்பு. ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் குறுக்குவில்லின் குட்டை அம்பு, பிறகு கதவுத் தாழ். 1841இல் பிரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட டிரைசேயின் ஊசித் துப்பாக்கியை இயக்கும் விதம் தாழ்ப்பாளைத் திறந்து மூடுவது போலவே இருந்தது. கைப்பிடியைத் தூக்கு, இழு, தள்ளு, மடக்கு. பிரெஞ்சிலும் இதற்குக் கதவுத் தாழின் பெயர்தான். தமிழில் தாழ்க்கோல் என்று பழைய சொல் இருக்கிறது, போல்ட்டுக்கு அதுவே போதும். குறளில் துப்பாக்கி இல்லை, ஆனால் "அடைக்கும் தாழ்" இருக்கிறது.

தாழ்க்கோலில் இரண்டு மரபு. மவுசர் 98இல் கைப்பிடி 90 பாகை தூக்க வேண்டும். தூக்கும்போதே அடிமுள், அதாவது தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் முள், பின்னுக்கு இழுபட்டு நிற்கும். பூட்டிப் பிடிக்கும் இரண்டு முட்டுகள் முன்னால், தோட்டாவை ஒட்டி. லீயில் 60 பாகை போதும். முள் இழுபடுவது மூடும்போது, முட்டுகள் பின்னால். வேகமாகச் சுட லீ, குழல் அழுத்தத்தைத் தாங்க மவுசர். பழைய ராணுவ மவுசரில் தொலைநோக்கி பொருத்துபவர் கவனிக்க: நேராக நீட்டிய கைப்பிடி தூக்கும்போது தொலைநோக்கியில் இடிக்கும், வளைத்துத்தான் ஆக வேண்டும். இன்னொன்று, மவுசரின் அகன்ற கொக்கி தோட்டாவைப் பெட்டியிலிருந்து எழும்போதே பிடித்துக்கொள்ளும்படி அமைந்தது. பெட்டியில் வைக்காமல் நேரே குழலுக்குள் ஒரு தோட்டாவைப் போட்டு ஓங்கி மூடினால், கொக்கி விளிம்பின் மேல் ஏற முடியாமல் உடையக்கூடும்.

லீ–என்ஃபீல்ட் என்ற பெயரையே பிரித்துப் பாருங்கள். லீ என்பது தாழ், ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்தது. முதலில் அதோடு சேர்ந்தது வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டின் ஆழமில்லாத ஏழு பள்ளப் புரி, பெயர் லீ–மெட்ஃபோர்ட். கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்தின் சூட்டில் அது சீக்கிரம் தேய்ந்துபோக, 1895இல் என்ஃபீல்ட் தொழிற்சாலையின் ஆழமான ஐந்து பள்ளப் புரிக்கு மாறினார்கள். பெயரின் பின்பாதி மாறக் காரணம் புரிதான். சென்னையில் தயாராகும் புல்லட்டின் பெயரும் அந்தத் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அதற்கு உதிரிபாகம் செய்துகொடுத்த நிறுவனம் பிறகு மோட்டார்சைக்கிளுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டது.

சேகரிப்பவர்கள் பழைய லீ–என்ஃபீல்டை எடுத்ததும் தாழ்க்கோல் கைப்பிடியின் பின்புற எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார்கள். வேறாக இருந்தால் விலை குறையும் என்பது ஒரு பக்கம். தாழின் முகத்துக்கும் தோட்டா விளிம்புக்கும் இடைவெளி கூடியிருக்கலாம் என்பது பெரிய கவலை. 0.064 அங்குல அளவுக்கட்டையை உள்ளே வைத்தால் தாழ் மூட வேண்டும், 0.074 கட்டையில் மூடக் கூடாது. மூடினால் பித்தளைக் கூடு நீண்டு, மறுபடி நிரப்பிய சில தடவையில் அடிக்கு மேலே வளையமாக அறுந்துவிடும். 4ஆம் எண் மாடலில் தாழின் தலை தனி. 0 முதல் 3 வரை எண் கூடக்கூட நீளம் கூடும், மாற்றிச் சரிசெய்யலாம்.

குழல்வாயில் ஒரு தோட்டாவைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். கூட்டின் விளிம்புவரை உள்ளே இறங்கினால் வாய் தேய்ந்திருக்கிறது. கயிறு கட்டி இழுத்துத் துடைத்த தேய்மானமாகப் பெரும்பாலும் இருக்கும். பழைய ராணுவத் தோட்டா சுட்டால் உப்பு படியும், அது எண்ணெயில் கரையாது. சுடுதண்ணீர் ஊற்றி, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய். முன்மரத்தை வெட்டி வேட்டைக்காக மாற்றியவற்றைச் சேகரிப்பவர்கள் சீந்துவதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. காட்டுக்கு எடுத்துப்போக மலிவாகக் கிடைப்பவை அவைதான்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை, .303ம் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட வகை. அதனால் வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தவை இன்று அமெரிக்காவில்தான் அதிகம் கைமாறுகின்றன. இஷாப்பூரில் 1960களில் 7.62 நேட்டோ தோட்டாவுக்கென்றே செய்த 2ஏ1 வகையை அதன் சதுரமான 12 தோட்டாப் பெட்டியைக் கொண்டு அடையாளம் காணலாம். பார்வைக்கு அதே சாயலில் உள்ள .303 உடலில் 7.62 குழலை மாட்டக் கூடாது. 2ஏ1க்கு எஃகே வேறு.