462 விசா: ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் சுற்றவும் வேலை செய்யவும் ஒரு குலுக்கல்

சில நாள் முன்பு தெரிந்த தம்பி ஒருவன் போன் செய்தான். “அண்ணே, ஆஸ்திரேலியா வேலை விசாவுக்கு ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேக்குறார். சீட்டு கன்ஃபர்ம்னு சொல்றார். கட்டிரலாமா?” எந்த விசா என்று கேட்டேன். “462-ண்ணே” என்றான். எண்ணைக் கேட்டதுமே பதில் சொல்வது சுலபமாகிவிட்டது. இந்தியர்களுக்கு அந்த விசாவில் சீட்டை உறுதி செய்ய எந்த ஏஜென்ட்டாலும் முடியாது. அது கணினிக் குலுக்கல். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், நம்மூர்க் காசில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். மீதி ஒரு லட்சத்துச் சொச்சம் எதற்கு என்று அந்த ஏஜென்ட்டைத்தான் கேட்க வேண்டும்.

இந்த விசாவுக்கு ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ என்று பெயர். சப்கிளாஸ் 462. வெளிநாட்டு இளைஞர்கள் வந்து சுற்றிப் பார்க்கட்டும், கைச்செலவுக்கு வேலையும் செய்துகொள்ளட்டும் என்ற ஏற்பாட்டை ஆஸ்திரேலியா 1975-இலேயே தொடங்கிவிட்டது. அப்போது பிரிட்டன், கனடா போன்ற நாட்டவருக்குத்தான் அந்த வாய்ப்பு. நமக்கு வழி திறந்தது 2022 ஏப்ரல் 2 அன்று கையெழுத்தான இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தின் மூலம். அந்த ஆண்டு டிசம்பர் 29-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தாலும், விசாவுக்கான முதல் பதிவு 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. ஆண்டுக்கு 1,000 இடம். பதிவு தொடங்கிய இரண்டே வாரத்தில் 40,000 பேர் பெயர் கொடுத்துவிட்டதாக ஆஸ்திரேலிய அரசே சொன்னது. நாற்பதில் ஒருவருக்குக்கூட இடம் உறுதியில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் அளவுக்கான வாய்ப்பு அல்ல இது.

யார் பதிவு செய்யலாம்?

வயது 18 முடிந்திருக்க வேண்டும், 31-ஆவது பிறந்தநாள் வந்திருக்கக் கூடாது. அதாவது முப்பது முடிந்து, முப்பத்தொன்று முடியாதவர்களும் கணக்கில் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுப் படிப்பு வேண்டும். உங்களைச் சார்ந்த பிள்ளைகளை உடன் அழைத்துப் போக முடியாது. கணவனும் மனைவியும் போக விரும்பினால் இருவரும் தனித்தனியாகப் பதிவு செய்து, இருவர் பெயரும் குலுக்கலில் வர வேண்டும். முதல் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதால், அங்கே படித்துக்கொண்டிருப்பவர்கள் அங்கிருந்தபடியே இதற்கு மாறிக்கொள்ள வழியில்லை.

ஆங்கிலம் பேச்சுக்குப் போதுமான அளவு தெரிந்தால் சரி. ஐஇஎல்டிஎஸ் எழுதினால் சராசரி 4.5 வந்தால் போதும். பலருக்குத் தேர்வே தேவைப்படாது. குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேரப் பட்டம் அல்லது டிப்ளமோவை முழுக்க ஆங்கில வழியில் படித்தவர்கள், அதற்கான சான்றைக் காட்டினாலே ஏற்றுக்கொள்கிறார்கள். கல்லூரி அலுவலகத்தில் ‘மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன்’ சான்றிதழ் என்று கேட்டால் தருவார்கள். கேட்ட அன்றே தருவார்களா என்பது வேறு கதை.

பதிவும் இனிஷியலும்

பதிவு நடப்பது ஆஸ்திரேலிய உள்துறையின் இம்மிஅக்கவுண்ட் என்ற இணையக் கணக்கில். கணக்குத் தொடங்கக் காசு இல்லை. பதிவுக் காலம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், உள்துறையின் தளத்தில் அறிவிப்பார்கள். பாஸ்போர்ட்டும் பான் கார்டும் கையில் இருக்க வேண்டும். ஒருவர் ஒரு முறைதான் பதிய முடியும். கட்டிய 25 டாலர் திரும்பாது.

தமிழ்நாட்டுக்காரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ‘கார்த்திக் சுப்பிரமணியன்’. பான் கார்டில் அதுவே முன்பின்னாகி ‘சுப்பிரமணியன் கார்த்திக்’. பட்டச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் போய் ‘கார்த்திக் எஸ்’. நான்கும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கான்பெராவில் கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டில் இருப்பதை மூலமாக வைத்து மற்றதை அதற்கு ஒத்துப்போகும்படி திருத்திக்கொள்வது நல்லது. பான் திருத்தம் இணையத்திலேயே முடியும். அதைப் பதிவு திறந்த பிறகு தொடங்கினால் பதற்றம்தான் மிஞ்சும். பாஸ்போர்ட் காலாவதியாகும் நிலையில் இருந்தால் முதலில் புதுப்பித்துவிட்டு, புது எண்ணோடு பதிவு செய்யுங்கள்.

குலுக்கலில் பெயர் வந்தால் மின்னஞ்சல் வரும். விசாவுக்கு விண்ணப்பிக்க உங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்பதே அதன் பொருள். விசா கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. அந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். பெயர் வராதவர்களின் பதிவு அந்தச் சுற்றோடு காலாவதி. அடுத்த ஆண்டுக்குப் புதிதாக 25 டாலர் கட்டிப் பதிய வேண்டும், காத்திருப்போர் வரிசை எதுவும் இல்லை.

விசாக் கட்டணம் 2025 ஜூலை நிலவரப்படி 670 டாலர், சுமார் நாற்பதாயிரம் ரூபாய். அங்கே போய் முதல் சில வாரம் சமாளிக்க 5,000 டாலரும், திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணமும் கணக்கில் இருப்பதைக் காட்ட வேண்டும். ஐயாயிரம் டாலர் என்றால் சுமார் மூன்று லட்சம். பக்கத்து வீட்டு மாமாவிடம் வாங்கி ஒரே நாளில் கணக்கில் போட்ட மூன்று லட்சம் ஸ்டேட்மென்டில் தனியாகத் தெரியும். சேமிப்பாகச் சேர்ந்த பணமாக இருந்தால் கேள்வி வராது.

போன பிறகு

விசா 12 மாதத்துக்கு. கடிகாரம் ஓடத் தொடங்குவது விசா கிடைத்த நாளில் அல்ல, முதல் முறை ஆஸ்திரேலியாவில் கால் வைக்கும் நாளில். கிடைத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நடுவில் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து திரும்பலாம். ஆனால் இங்கே இருந்த நாட்களும் அந்தப் பன்னிரண்டு மாதத்தில்தான் கழியும்.

எந்த வேலையும் செய்யலாம், முன்கூட்டியே வேலைக் கடிதம் வேண்டியதில்லை. ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பதுதான் பெரிய நிபந்தனை. விவசாய வேலை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. படிப்பதென்றால் அதிகபட்சம் நான்கு மாதம். ஐடி கம்பெனியில் நிரந்தர வேலை தேடிப் போகிறவர்களுக்கு இந்த ஆறு மாத வரம்பு பெரும் முட்டுக்கட்டை. அரை வருடத்தில் போய்விடும் ஆளுக்கு எந்த மேனேஜர் புராஜெக்ட் கொடுப்பார்? நடைமுறையில் கிடைப்பது காபிக் கடை, ஓட்டல் சமையலறை, தோட்டம், கிடங்கு, கட்டட வேலை போன்றவைதான். மது பரிமாறும் இடத்தில் வேலை செய்ய ‘ஆர்எஸ்ஏ’ என்ற சான்றிதழும், கட்டட வேலைக்கு ‘வொயிட் கார்டு’ம் எடுக்க வேண்டும். இரண்டும் குறுகிய பயிற்சிகள்தான்.

சம்பளக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2025 ஜூலை 1 நிலவரப்படி தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். நிரந்தரமில்லாத கேஷுவல் வேலை என்றால், லீவு கிடையாது என்பதற்காக 25 சதவீதம் சேர்த்து 31 டாலருக்குச் சற்று மேல் தர வேண்டும். வாரத்துக்கு 38 மணி நேரம், மணிக்கு 24.95 என்று வைத்தால் 948 டாலர். இந்த விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீத வரி, 45,000 டாலர் வருமானம் வரை அதே விகிதம். ஆக 142 போய், கையில் 806. பெருநகரத்தில் பகிர்ந்து தங்கும் அறை வாடகை இதில் நல்ல பங்கைத் தின்றுவிடும். முதலாளி இந்த விசாக்காரர்களை வேலைக்கு வைப்பவராக வரித்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் 30 சதவீதம் பிடிப்பார்கள். டிஎஃப்என் என்ற வரி எண்ணை இலவசமாக வாங்கலாம், அதற்கும் காசு கேட்கும் இணையதளங்கள் இருக்கின்றன.

சம்பளத்துக்கு மேல் முதலாளி 12 சதவீதம் ‘சூப்பர்’ என்ற ஓய்வூதிய நிதியில் கட்ட வேண்டும். நம்மூர் பிஎஃப் போல. நாட்டை விட்டுக் கிளம்பி, விசாவும் முடிந்த பிறகு அதை எடுக்கலாம். ஆனால் இந்த விசாக்காரர்களிடம் அதில் 65 சதவீதத்தை வரியாக எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்துப்பிழை இல்லை, அறுபத்தைந்துதான். ஆயிரம் டாலர் சேர்ந்திருந்தால் கைக்கு வருவது 350. அந்தப் பணத்தை நம்பி ஊரில் எந்தத் திட்டமும் போட வேண்டாம்.

மருத்துவம் இன்னொரு செலவு. பிரிட்டன் உள்ளிட்ட சில நாட்டவருக்கு அங்கே அரசு மெடிகேர் சிகிச்சை உண்டு. இந்தியாவுடன் அப்படி ஒப்பந்தம் இல்லாததால், போகும்போதே காப்பீடு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இரண்டாம் வருடமும் 88 நாளும்

முதல் வருடத்தில் மூன்று மாதம், அதாவது 88 நாள், அரசு குறிப்பிட்ட வேலைகளைக் குறிப்பிட்ட பகுதிகளில் செய்தால் இரண்டாவது விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்குக் குலுக்கல் இல்லை. இரண்டாவது வருடத்தில் ஆறு மாதம் அப்படிச் செய்தால் மூன்றாவது விசா. ஒவ்வொரு முறை விண்ணப்பிக்கும்போதும் 31-ஆவது பிறந்தநாள் வந்திருக்கக் கூடாது. ஆகவே முப்பதில் போகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு பேருக்குத்தான்.

எந்த வேலை, எந்த இடம் என்பது அஞ்சல் குறியீட்டெண்ணை வைத்து முடிவாகிறது. டார்வின், கெய்ன்ஸ், புரூம் போன்ற வட பகுதி ஊர்களில் ஓட்டல் வேலையே கணக்கில் சேரும். சிட்னியில் அதே வேலையை எத்தனை நாள் செய்தாலும் சேராது. தோட்ட வேலைக்கு இன்னும் பரந்த பகுதிகள் உண்டு. வடக்கே கேத்தரின் ஊர்ப் பக்கம் மாம்பழ அறுவடை நடப்பது அக்டோபர், நவம்பரில். நமக்கு மாம்பழம் முடிந்து மழை பிடிக்கும் மாதங்களில் அங்கே மாமரத்தடியில் நின்றுகொண்டிருப்பீர்கள், உச்சிவெயில் நாற்பது டிகிரியை ஒட்டி இருக்கும். மாங்காய்ப் பால் பட்டால் தோல் வெந்துபோகும், முழுக்கைச் சட்டை அவசியம்.

88 நாளும் வேலையில் நிற்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தொழிலில் முழுநேரம் என்பது வாரம் ஐந்து நாள் என்றால், ஐந்து நாளும் வேலை செய்த வாரத்தை ஏழு நாளாக எண்ணிக்கொள்ளலாம். மழை வந்து மூன்றே நாள் வேலை கிடைத்தால் மூன்றுதான். சாப்பாடும் தங்குமிடமும் தருகிறோம், சம்பளம் இல்லை என்று சொல்லும் பண்ணைகளில் கழித்த நாட்கள் சேராது. சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சீட்டு தர வேண்டும் என்பது சட்டம்.

பெட்டிக்கு இவ்வளவு என்று பழம் பறிக்கும் கூலி வாங்குகிறவர்களுக்கும் 2022 ஏப்ரல் 28 முதல் மணிக்கணக்கில் ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம் இருக்கிறது. வேகமாகப் பறிக்கத் தெரியாத புதியவருக்கும் அது பொருந்தும். கூலி குறைந்தால், தொழிலாளர் புகார்களைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் என்ற அரசு அலுவலகத்தில் புகார் செய்யலாம். 131 450 என்ற அரசு மொழிபெயர்ப்பு எண்ணை அழைத்து ‘தமிழ்’ என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்து விடுவார்கள்.

பிரிட்டிஷ்காரர்களுக்கு வயது வரம்பு 35. 2024 ஜூலை முதல் அவர்கள் இந்த 88 நாள் வேலை எதையும் செய்யாமலே மூன்று வருடம் இருக்கலாம். அவரவர் நாடு போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது என்பதுதான் விளக்கம். புரிகிறது, இருந்தாலும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

பிரிட்டனின் கதவு

அதே பிரிட்டனுக்கு நாமும் போகலாம். 2023 பிப்ரவரியில் தொடங்கிய ‘இந்தியா யங் புரொஃபஷனல்ஸ்’ திட்டத்தில் ஆண்டுக்கு 3,000 இடம். இரண்டு வருடம் தங்கலாம், ஒரே முதலாளியிடமே முழுக்க வேலை செய்யலாம். படித்த படிப்புக்கேற்ற வேலை தேடுகிறவர்களுக்கு, என் கணக்கில், 462-ஐ விட இது மேல். இங்கேயும் குலுக்கல்தான், ஆனால் பெயர் கொடுக்கக் கட்டணம் இல்லை. பதிவு திறந்திருப்பது இரண்டே நாள் என்பதால் தேதி அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வயது அதே 18 முதல் 30. இளங்கலைப் பட்டம் கட்டாயம், டிப்ளமோ போதாது. 2,530 பவுண்டு தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். தேர்வானால் 2025 ஏப்ரல் நிலவரப்படி விசாவுக்கு 319 பவுண்டு, இரண்டு வருட மருத்துவக் கட்டணம் 1,552 பவுண்டு. காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். நீட்டிப்பு கிடையாது. குடும்பத்தையும் கூட்டிப் போக முடியாது.

இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு 462 உண்டு.

போன் செய்த தம்பிக்கு 29 முடிந்துவிட்டது. ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டவில்லை. பான் கார்டில் அவன் பெயர் முன்னும் அப்பா பெயர் பின்னும் வரும்படி திருத்தம் கொடுத்திருக்கிறான். ரசீதை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். பார்த்தால், இந்த முறை அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது.