ஊநீர்வகை, துணைவகை: பொட்டுலினம் நச்சுக்குப் பெயர் வைக்கும் முறை

இலத்தீனில் 'பொட்டுலுஸ்' என்றால் சாசேஜ். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் ஜெர்மனியில் கெட்டுப்போன சாசேஜைத் தின்றவர்கள் தசை தளர்ந்து, மூச்சடைத்து இறந்தார்கள். அந்தப் பெயரே பொட்டுலிசம் என்ற அந்த நோய்க்கும், அதற்குக் காரணமான நச்சைச் சுரக்கும் கிருமிக்கும் நிலைத்துவிட்டது.

நம் தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் இதே நோய் மாடுகளுக்கு வந்தால் ஆஃப்ரிகான்ஸில் 'லாம்சீக்டே' என்பார்கள். முடக்குநோய் என்பது சரியான தமிழ். பாஸ்பரஸ் குறைந்த மேய்ச்சல் நிலத்தில் மாடு பசி மாறாமல் எலும்பைத் தேடிக் கடிக்கும். செத்த விலங்கின் மிச்சத்தில் ஊறிய நச்சு அப்படித்தான் உள்ளே போகிறது. 1919 முதல் ஃப்ரைபர்க் ஊருக்கு அருகே கால்நடை மருத்துவர் அர்னால்ட் தைலர் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. எலும்புத்தூளைத் தீவனமாகக் கொடுப்பது தீர்வானது. அந்த மாட்டு நோய்க் கிருமியின் நச்சுதான் பின்னர் 'டி' என்ற எழுத்தைப் பெற்றது.

அந்த எழுத்து எதைக் குறிக்கிறது? ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்துகள். ஒரு நச்சுக்கு எதிராக விலங்கின் ஊநீரில், அதாவது குருதியின் தெளிந்த நீர்ப்பகுதியில், உருவாகும் முறிமருந்து அந்த எழுத்தை மட்டுமே முறிக்கும். ஏ-க்கான மருந்து பி-யிடம் பலிக்காது. ஆகவே 'செரோடைப்' என்பதை வெறும் 'வகை' என்று எழுதக்கூடாது. ஊநீர்வகை என்பதே பொருத்தம். சீரம் என்ற சொல்லுக்கு ஊநீர் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

எழுத்தை அடுத்து வரும் எண், ஏ1, ஏ2 என்பது போல, துணைவகை. இது புரதத்தின் அமினோ அமில வரிசையைப் பார்த்து வைப்பது, சுமார் 2.6 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் புது எண் தரலாம் என்பது வழக்கம். ஒரே எழுத்தின் துணைவகைகளை ஒரே முறிமருந்து முறிக்கும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே வலுவுடன் அல்ல.

2013இல் 'எச்' என்று எட்டாவது எழுத்து ஒன்று அறிவிக்கப்பட்டது. ஏ-க்கான முறிமருந்தே அதை முறித்துவிடுவது பின்னர் தெரியவந்தது. ஒரு பகுதி எஃப் போலவும் இன்னொரு பகுதி ஏ போலவும் இருந்த கலப்பு அது. எஃப்ஏ என்ற பெயரையே இப்போது பலர் ஆள்கிறார்கள். சி-யும் டி-யும் கலந்த நச்சுகளும் உண்டு. இவற்றைக் கலப்புவகை என்று தனியாகச் சொல்வது நல்லது.

டர்பனில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்போருக்கு என் வேண்டுகோள்: ஏ, பி, சி-யை அ, ஆ, இ என்று மாற்றாதீர்கள். மருந்துப் புட்டியின் மேல் அச்சிட்டிருப்பது அந்த எழுத்துதான். அவசரத்தில் அது ஒத்துப்போக வேண்டும்.