விண்வெளி நிலையம் எங்கே என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்டால்

டொமைன் பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரி வரும். டிஎன்எஸ் என்றால் பலருக்கு அவ்வளவுதான். ஆனால் அதனிடம் இருப்பிடமும் கேட்கலாம். 1996இல் வந்த ஆர்எஃப்சி 1876 என்ற இணைய நெறிமுறை ஆவணம், எல்ஓசி என்ற ரெக்கார்டு (ஒரு பெயருக்கு டிஎன்எஸ்ஸில் வைக்கும் பதிவு) வகையை வரையறுத்தது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் எல்லாம் 16 பைட்டுக்குள் முடிந்துவிடும். உயரத்தை 32 பிட்டில், சென்டிமீட்டர் கணக்கில் வைத்திருப்பதால் சுமார் 42,849 கி.மீ. வரை எழுதலாம். 400 கி.மீ. சொச்சத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் தாராளமாக அடங்கும். 35,786 கி.மீ. உயரத்துப் புவிநிலைச் செயற்கைக்கோளும் அடங்கும். நிலாவுக்குத்தான் இடமில்லை!

நிலையத்தின் இப்போதைய இடத்தைக் கணக்கிட்டு, சில விநாடிக்கொரு முறை ரெக்கார்டை மாற்றும் சிறு நிரல் போதும். உலகில் யாரும் ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ளலாம். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு டிஎன்எஸ் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியாது. இதில் எங்கே சறுக்கும் என்பதை நானே சறுக்கித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் சறுக்கல் டிடிஎல். பதிலை எத்தனை விநாடி கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைத்திருக்கலாம் என்று சொல்லும் எண் அது. நிலையம் விநாடிக்கு ஏறத்தாழ 7.66 கி.மீ. ஓடுகிறது. டிடிஎல் 300 என்று விட்டுவிட்டால், பதில் 2,300 கி.மீ. வரை பழசாக இருக்கலாம். 5 என்று குறைத்தாலும், நமக்காக டிஎன்எஸ்ஸில் தேடித்தரும் ரிசால்வர் சர்வர்களில் சில, தங்கள் குறைந்தபட்ச அளவுக்கு உயர்த்திவிடும். எல்ஓசியில் நேரம் எழுத இடமே கிடையாது. எனவே பழைய பதில் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. நேரத்தைப் பக்கத்தில் டிஎக்ஸ்டி என்ற உரை ரெக்கார்டில் வைக்கலாமே என்றால், இரண்டும் தனித்தனியாகக் கேஷாகும், ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும்.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. சோதனையை அலுவலகத்தின் முதன்மை ஸோனிலேயே, அதாவது அலுவலக டொமைனின் ரெக்கார்டுகள் எல்லாம் இருக்கும் தொகுப்பிலேயே, செய்தேன். ஸோன் மாறும்போதெல்லாம் அதன் சீரியல் எண் கூடும்; அதைப் பார்த்துத்தான் ஸோனின் நகலை வைத்திருக்கும் செகண்டரி சர்வர்கள் புதுப் பிரதியை எடுக்கும். நாங்கள் தேதியையும் கடைசியில் இரண்டு இலக்கத்தையும் சேர்த்து எழுதுகிறவர்கள். 10 விநாடிக்கு ஒரு மாற்றம் என்றால் நாளுக்கு 8,640. 2024031500 என்று தொடங்கினால் மறுநாளே 2024040140. அதாவது எங்கள் ஸோன் ஏப்ரல் மாதத்துக்குப் போய்விட்டது. அப்புறம் ஒருவர் மெயில் சர்வர் முகவரியை மாற்றி, வழக்கம்போல அன்றைய தேதியைச் சீரியலாகப் போட்டார். எண் சிறியது, அதனால் பழசு என்று செகண்டரிகள் கண்டுகொள்ளவில்லை. மெயிலில் ஒரு பகுதி பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. இந்த விளையாட்டுக்குத் தனி சப்டொமைன், தனி ஸோன் ஒதுக்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சரி, வேறு வழி? இருப்பிடத்துக்குப் பதிலாகச் சுற்றுப்பாதையைக் கொடுங்கள். டிஎல்இ என்ற இருவரித் தரவில் வரிக்கு 69 எழுத்து, மொத்தம் 138. ஒரு டிஎக்ஸ்டி சரத்தின் வரம்பு 255 பைட் என்பதால் அப்படியே உள்ளே போகும். எந்த நேரத்துக்கான தரவு என்பதும் அதிலேயே இருக்கிறது. வாங்குபவர் எஸ்ஜிபி4 என்ற சுற்றுப்பாதைக் கணக்கு முறையில் தன் கணினியிலேயே இடத்தைக் கணக்கிட்டுக்கொள்வார். ஒரு மணி நேரம் கேஷில் கிடந்தாலும் கெடாது. நாளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். காற்றின் இழுவையும், அவ்வப்போது எஞ்சினை இயக்கி நிலையத்தை மேலே தள்ளுவதும் பாதையை மாற்றுவதால், வாரக்கணக்கில் அப்படியே விடக்கூடாது.

இதைப் பார்த்த நண்பர் ஒருவர், தன் வாகனங்களின் ஜிபிஎஸ் தரவையும் இப்படிப் போடலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். விண்வெளி நிலையத்தின் பாதை ஊருக்கே தெரிந்தது. ஓட்டுநரின் நடமாட்டம் அப்படியல்ல. பொது டிஎன்எஸ்ஸில் பெயர் தெரிந்த எவருக்கும் பதில் கிடைக்கும், கடவுச்சொல் கிடையாது. டிஎன்எஸ்செக் என்ற பாதுகாப்பு முறையின் கையொப்பம் பதில் மாற்றப்படவில்லை என்றுதான் உறுதி சொல்லும், எதையும் மறைக்காது. பெயரை ஊகிக்கக் கடினமாக வைத்துக்கொள்கிறேன் என்றார். அதுவும் உதவாது. பாசிவ் டிஎன்எஸ் என்று சர்வர்களுக்கிடையே ஓடும் பதில்களை நேரத்தோடு சேமிக்கும் கிடங்குகள் இருக்கின்றன. ரெக்கார்டை அவர் இன்று அழித்தாலும், நேற்று வண்டி நின்ற இடம் அங்கே கிடக்கும்.