சி.ஆர்.பி. ஏறும்போது ரத்தத்தில் என்ன நடக்கிறது?

மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லையென்றால் டாக்டர் எழுதித்தரும் பரிசோதனைச் சீட்டில் சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற ரத்தப் புரதம்) பெரும்பாலும் இருக்கும். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் சீரத்தில் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர்) இதைக் கண்டார்கள். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியின் ‘சி’ பாலிசாக்கரைடை (ஒரு சர்க்கரைச் சங்கிலி) சேர்த்ததும் சீரத்தில் வீழ்படிவு இறங்கியது; பெயரில் உள்ள ‘சி’ அதுதான்.

கிருமி நுழைந்த இடத்திலுள்ள மேக்ரோஃபேஜ்கள் (கிருமியை விழுங்கும் செல்கள்) இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. அது ரத்தத்தில் கலந்து கல்லீரலை எட்டியதும், கல்லீரல் செல்கள் வழக்கமாகச் செய்யும் ஆல்புமின் புரதத்தைக் குறைத்துவிட்டு சி.ஆர்.பி.யைத் தயாரிக்கின்றன. 4–6 மணி நேரத்தில் அளவு ஏறத் தொடங்கும். சுமார் 8 மணி நேரத்துக்கொரு தடவை இரட்டிக்கும். இரண்டு நாளுக்குள் உச்சம் தொடும். வழக்கமாக லிட்டருக்கு 5 மி.கி.க்குள் இருப்பது, கடும் பாக்டீரியா தொற்றில் 300-ஐயும் தாண்டலாம்.

ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்த தட்டுதான் இந்தப் புரதம். அதன் ஒரு பக்கம் கால்சியத்தின் துணையோடு பாஸ்போகோலின் என்ற மூலக்கூறைப் பிடிக்கும். கிருமியின் சுவரில் அது இருக்கிறது. நம் செல்களின் சவ்விலும் இருக்கிறதே என்றால், நல்ல நிலையிலுள்ள சவ்வில் சி.ஆர்.பி.க்குப் பிடி கிடைக்காது. சிதைந்த செல்லில்தான் ஒட்டும். மறுபக்கத்தில் இரண்டு வேலை. சி1க்யூ புரதம் அங்கே வந்து அமர்ந்ததும் ரத்தத்தில் தயாராக இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்புப் புரதங்கள் அடுத்தடுத்து விழித்து, அவற்றில் ஒன்றான சி3பி கிருமிமேல் படிகிறது. மேக்ரோஃபேஜும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவும் ஆன்டிபாடியைப் பிடிக்க வைத்திருக்கும் எஃப்சி ஏற்பிகளாலேயே இந்தத் தட்டையும் பிடித்து, கிருமியை விழுங்குகின்றன. ஆன்டிபாடி உருவாகப் பல நாள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க இது உதவுகிறது. காம்ப்ளிமென்ட் எல்லை மீறி நம் செல்லையே துளைத்துவிடாதபடி, காரணி ஹெச் என்ற புரதத்தையும் சி.ஆர்.பி. கூட்டிவருகிறது.

கூடவே ஏறும் சீரம் அமிலாய்டு ஏ என்ற இன்னொரு கல்லீரல் புரதம் ஆயிரம் மடங்குவரை கூடும். நியூட்ரோஃபில்களைக் காயத்துக்கு இழுக்கும். ஆனால் அழற்சி வருடக்கணக்கில் நீடித்தால், இந்தப் புரதத்தின் துண்டுகள் நாராகத் திரண்டு சிறுநீரகத்தில் படிந்துவிடும்.

ரிப்போர்ட்டைப் படிப்பதில்தான் தடுமாற்றம். சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். ஆனால் ஆன்டிபயாடிக் வேலை செய்தாலும் கல்லீரல் உடனே தயாரிப்பை நிறுத்திவிடாது; அதனால் மறுநாள் எண் பாதியாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. காய்ச்சல் தொடங்கிய சில மணி நேரத்தில் ரத்தம் எடுத்தால் அளவு குறைவாகவே வரும். கல்லீரல் செயலிழந்தவருக்கு ஏறாமலே போகலாம். மூட்டுவாதத்துக்கு டோசிலிசுமாப் என்ற மருந்து போட்டுக்கொள்பவருக்கு இன்டர்லூக்கின்-6 ஏற்பியே அடைபட்டிருப்பதால், உடலில் சீழ் இருந்தாலும் சி.ஆர்.பி. சும்மா கிடக்கும். அலகையும் பாருங்கள்: சில லேப்கள் டெசிலிட்டர் (100 மி.லி.) கணக்கில் தருகின்றன, அங்கே 4 என்றால் லிட்டருக்கு 40.